பெட்டியைத் திறந்து பார்த்தாளா?

தருமபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறேன். பெரும்பாலும் பிளஸ் டூ பிள்ளைகள், இரண்டு மூன்று பேர் கல்லூரியில் முதலாண்டு. தேர்வில் ஒரு கதையைப் பற்றிக் கேள்வி கேட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். "ஒரு ஊரில்" என்று தொடங்கி முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டு வருவார்கள். கேட்ட பதில் அதற்குள் எங்கேயாவது இருக்கும், திருத்துகிறவர் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நம்பிக்கை.

போன மாதம் மாப்பசானின் 'நெக்லஸ்' கதையை எடுத்தோம். 1884இல் பிரெஞ்சில் வந்த கதை. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது. ஒரு பெண் எழுந்து நின்று கதையைச் சொன்னாள். கால் மணி நேரம் சொன்னாள். எதையும் விடவில்லை, எதையும் தப்பாகவும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கதை பிடிபடவில்லை. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த ஆயா படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திருப்பிக் குடுத்தப்ப அந்தம்மா பொட்டியத் தொறந்து பாத்தாளா?"

கதையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கால் மணி நேரம் பேசிய பிள்ளை அந்த வரியை மட்டும் ஓட்டமாகத் தாண்டிப் போயிருந்தாள். ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் கல்யாணம் காட்சிக்கு இரவல் நகை வாங்கியவர், கொடுத்தவர். நகை திரும்பி வந்தால் பெட்டியைத் திறந்து, கொக்கியை ஆட்டிப் பார்த்து, கல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் பீரோவுக்குள் வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கதைப்பின்னல் என்றால் என்ன, அதற்கான விவரங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது. சின்னக் கதைதான், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதலில் பின்னல் என்ற சொல். சடை பின்னும்போது மூன்று இழை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மூன்றையும் தனித்தனியாகத் தொங்கவிட்டால் அது முடி, பின்னல் இல்லை. கதையும் அப்படித்தான். "சித்திரையில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஆவணியில் வைத்திருந்த கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது." இவை இரண்டு செய்திகள். "சித்திரை ஆலங்கட்டி மழையில் மாங்காய் எல்லாம் கொட்டிப்போனது, அதனால் ஆவணிக் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது" என்றால் அது பின்னல். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. காய் மரத்தில் நின்று மாங்கூழ் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வீட்டில் மேளச் சத்தம் என்பது அவர்கள் கண்ணால் பார்த்தது.

இதே கதையில் "பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் மஞ்சள் தாவணி போட்டிருந்தாள்" என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். அழகான வரிதான். எடுத்துவிட்டால் கல்யாணம் தள்ளிப்போவது நிற்குமா? நிற்காது. ஆகவே அது வர்ணனை. ஆனால் அந்தத் தாவணி மாந்தோப்புக் குத்தகை முன்பணத்தில் வாங்கியது, மழைக்கப்புறம் குத்தகைக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டார் என்று கதை போனால், அதே மஞ்சள் தாவணி இழைக்குள் வந்துவிடும். ஒரு விவரம் பெரியதா சின்னதா என்பது முக்கியமில்லை. எதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்றுதான்: உருவிப் பார். சந்தேகமான விவரத்தைக் கதையிலிருந்து மனதுக்குள் உருவி எடு. மிச்சக் கதை அப்படியே நிற்கிறதா, சரிகிறதா?

இப்போது நெக்லஸ் கதைக்கு வருவோம். பாரிஸில் கல்வி அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவரின் மனைவி மத்தில்டா. அழகி. ஆனால் வசதியான வாழ்க்கைக்குப் பிறந்திருக்க வேண்டியவள், தப்பான வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று ஏங்குகிறவள். அமைச்சர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. உடை இல்லை என்று அழுகிறாள். கணவன் 400 பிராங்க் கொடுக்கிறான். உடை வந்ததும் நகை இல்லை என்று முகம் வாடுகிறது. பணக்காரத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்கிப் போகிறாள். விருந்தில் எல்லோர் கண்ணும் அவள்மேல். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றால் கழுத்து வெறுமையாக இருக்கிறது. தோழியிடம் சொல்லாமல் 36,000 பிராங்குக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடனை அடைக்கப் பத்து வருடம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷான்ஸ் எலிஸே வீதியில் தோழியைப் பார்க்கிறாள், உண்மையைச் சொல்கிறாள். தோழி பதறிப்போய், நான் கொடுத்தது போலி, மிஞ்சிப் போனால் 500 பிராங்க் பெறும் என்கிறாள். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதில் பின்னலுக்கான விவரங்களைக் குறித்துக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் எழுதுவது விருந்து, தொலைந்தது, பத்து வருடம், போலி. இவை நான்கும் சரி. ஆனால் இவை சத்தம் போடும் விவரங்கள். தானாகவே தலையை நீட்டுகிறவை. என் அனுபவத்தில் ஒரு நல்ல கதையை உண்மையில் தாங்கி நிற்பது சத்தம் போடாத விவரங்கள்தான்.

ஒரு கடிதம் இருக்கிறது. நெக்லஸ் தொலைந்த பிறகு, கணவன் சொல்லச் சொல்ல மத்தில்டா தோழிக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று. தேடுவதற்கு அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு சின்னப் பொய். கதையில் ஒன்றிரண்டு வரிக்குமேல் இல்லை. இதை உருவிப் பாருங்கள். அதற்குப் பதிலாக "தொலைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று எழுதியிருந்தால்? தோழி அன்றைக்கே சிரித்துக்கொண்டு, அடிப் பைத்தியமே, அது கவரிங் என்று சொல்லியிருப்பாள். 36,000 இல்லை, கடன் இல்லை, பத்து வருடம் இல்லை. மொத்தக் கதையும் மண் சுவர் மாதிரி உட்கார்ந்துவிடும். எங்கள் வகுப்பில் பதினோரு பேர் குறிப்பெழுதியதில் ஒருவர்கூடக் கடிதத்தை எழுதவில்லை.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் இன்னொரு இழை கிடைக்கும். விருந்து முடிந்து கிளம்பும்போது விடியற்காலை நான்கு மணி. கணவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதாரணப் போர்வையை அவள் தோளில் போடுகிறான். மற்ற பெண்கள் மென்மயிர் அங்கிகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று மத்தில்டா அவசரமாகப் படியிறங்குகிறாள். இரு, வெளியே குளிர், நான் வண்டி பிடித்து வருகிறேன் என்று அவன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் வண்டி கிடைக்காமல் இருவரும் ஆற்றுப் பக்கம் நடந்து, கடைசியில் ஒரு பழைய வண்டியைப் பிடிக்கிறார்கள். நகை எந்த இடத்தில் விழுந்தது என்று கதை சொல்லவே இல்லை. அந்த ஓட்டத்தில், குளிரில், வண்டியில் எங்கேயோ. வீட்டில் மத்தில்டா கேட்கிறாள், வண்டி நம்பர் பார்த்தீர்களா? இல்லை, நீ? நானும் பார்க்கவில்லை.

இந்த இடத்தைப் படித்ததும் ஒரு பையன், "சார், நாலு ரோட்ல ஆட்டோவுல போனை விட்டுட்டு வந்து நாங்களும் இதையேதான் சார் பேசிக்கிட்டோம்" என்றான். பிடித்துவிட்டான் என்று தெரிந்தது. நம்பரைப் பார்த்திருந்தால் வண்டிக்காரரைத் தேடிப் பிடித்திருக்கலாம். நம்பர் தெரியாததால் அந்தக் கதவு அடைபடுகிறது. ஒரு கதவு அடைபடும் இடமெல்லாம் பின்னலில் ஒரு முடிச்சு விழுகிறது என்று அர்த்தம்.

அப்படியானால் அந்தப் போர்வை? வெறும் துணிதானே என்று தோன்றும். உருவிப் பாருங்கள். போர்வை நல்லதாக இருந்தால் ஓட்டம் இல்லை, நிதானமாக உள்ளேயே நின்று வண்டி ஏறியிருப்பாள். ஏழை என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம்தான் அவளை ஓடவைத்தது. அதே கூச்சம்தான் கடிதத்தில் உண்மையை எழுதவிடாமல் செய்தது. பத்து வருடம் தோழி வீட்டுப் பக்கமே போகாமல் இருந்ததும் அதனால்தான். இதைக் கதை முதல் பக்கத்திலேயே சொல்லிவைத்துவிடுகிறது. வசதியான ஒரு தோழி இருந்தாள், திரும்பி வரும்போது மனசு வலிக்கிறது என்பதால் மத்தில்டா அங்கே போவதை விட்டுவிட்டாள் என்று ஒரு வரி இருக்கிறது. முதல் தடவை படிக்கும்போது அது அவளுடைய குணத்தைக் காட்டும் வரி மாதிரிதான் தெரியும். முடிவு தெரிந்தபின் பார்த்தால் பத்து வருடத்துக்கும் அதுதான் பூட்டு.

எல்லா விவரமும் இப்படி முடிச்சில் மாட்டாது. உடைக்குக் கொடுத்த 400 பிராங்கைக் கணவன் ஒரு துப்பாக்கி வாங்கச் சேர்த்துவைத்திருந்தான், கோடையில் நண்பர்களோடு வேட்டைக்குப் போக. துப்பாக்கியை உருவினால் கதை விழுமா? என் கணக்கில் விழாது, பணம் எப்படியும் வந்துவிடும். ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியாமல் போகும். அப்புறம் தன் அப்பா விட்டுச்சென்ற 18,000த்தையும் போட்டு, மீதிக்குக் கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, ராத்திரியில் பக்கத்துக்கு ஐந்து சூ என்ற சில்லறைக் கூலிக்கு நகலெடுத்து உழைக்கிறானே, அது நம்பும்படியாக இருக்காது. ஆகவே இது பாத்திரத்துக்கான விவரம். சாப்பாட்டு மேசையில் சூப்பைப் பார்த்து அவன் மகிழ்ந்துபோவதும் அப்படியே. வகுப்பில் இரண்டு பேர் துப்பாக்கியும் பின்னல்தான் என்று என்னோடு வாதாடினார்கள். வாதாடட்டும். காரணம் சொல்லி வாதாடினால் அதுவே போதும்.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருவோம். புது நெக்லஸைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தோழி கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் பேசுகிறாள், முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே, எனக்குத் தேவைப்பட்டிருக்கலாமே என்று. ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. மத்தில்டாவுக்கு அப்பாடா என்று இருக்கிறது. மாற்றியது தெரிந்தால் திருடி என்று நினைத்துவிடுவாளே என்று அவள் பயந்துகொண்டு நிற்கிறாள். நாமும் அவளோடு சேர்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். மாப்பசானின் சாமர்த்தியம் அதில்தான். நம்மைப் பயத்தில் வைத்திருந்து, ஏன் திறக்கவில்லை என்று கேட்கவிடாமல் செய்துவிடுகிறார். 36,000 பிராங்க் நகை வீட்டுக்குத் திரும்பினால் யாராவது திறக்காமல் இருப்பார்களா? ஆயா அந்தப் பயத்தில் மாட்டவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

இது மட்டுமில்லை, இன்னும் இரண்டு இடத்தில் கதை நமக்கு ஜாடை காட்டிவிட்டது. இரவல் கேட்டபோது மத்தில்டா தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். தோழி யோசிக்கவே இல்லை, தாராளமாக எடுத்துக்கொள் என்கிறாள். அப்புறம், நெக்லஸ் இருந்த காலிப் பெட்டியில் ஒரு நகைக்கடைப் பெயர் இருந்தது. அங்கே போய்க் கேட்டால் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நெக்லஸை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும்தான் கொடுத்திருக்கிறேன் என்கிறார். நம் ஊரில் இதைக் கேட்டால் உடனே புருவம் உயரும். பெரிய கடைப் பெட்டிக்குள் கவரிங்கை வைத்துக் காட்டுவது இங்கே தெரியாத வித்தையா என்ன? ஆனால் கணவனும் மனைவியும் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு கடை தேடி ஓடுகிறார்கள்.

எழுத்தாளர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கதையும் அதை வைரம் என்றே சொல்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் நாம் எல்லாவற்றையும் மத்தில்டாவின் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு அது வைரம். தோழி ஓரிடத்திலும் அது வைரம் என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கதையில் ஒரு விவரத்தைப் பார்த்ததும் "இது யார் பார்த்தது?" என்று கேட்டுப் பழகுங்கள், பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

யாருக்கு எது தெரியும், எப்போது தெரிந்தது என்பதும் பின்னலில் ஒரு பெரிய இழை. இதற்குப் பாரிஸ் வரை போகத் தேவையில்லை, நம் மண்ணிலேயே இருக்கிறது. தகடூரை, அதாவது அந்தக் காலத் தருமபுரியை, ஆண்ட அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்ததைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மலைப் பிளவில் அருமையாகக் கிடைத்த கனியைக் கொடுத்தான் என்று மட்டும் சொன்னால் அது ஒரு நல்ல காரியம், அவ்வளவே. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை சொல்வது அதற்குமேல். அந்தக் கனியின் பயன் என்ன என்பதைத் தன் மனதுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி எனக்குக் கொடுத்துவிட்டாயே என்கிறார். "அடக்கி" என்ற அந்த ஒரு விவரத்தை உருவிவிடுங்கள். கனியின் பெருமை முன்பே தெரிந்திருந்தால் ஔவை அதை வாங்கிச் சாப்பிட்டிருப்பாரா? அதியமான் வேண்டுமென்று மறைத்தான், தோழி மறைக்கவே இல்லை, சொல்ல வாய்ப்பு வரவில்லை. ஆனால் பின்னல் ஒரே மாதிரிதான். தெரிய வேண்டியது காலம் கடந்து தெரிகிறது.

முடிவு தெரிந்த கதையை மறுபடி படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்துப் பாரதக் கூத்துதான் பதில். திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் முடிவு தெரியாதவர் யார்? சூதாட்ட ராத்திரியில் பாஞ்சாலியின் கூந்தல் அவிழ்கிறது. படுகளத்தில் துரியோதனன் விழுகிற வரைக்கும் அதை முடிய மாட்டேன் என்கிறாள். முடிவு தெரிந்த கண்ணுக்குத்தான் அந்த விரிந்த கூந்தல் ஒவ்வொரு காட்சியிலும் உறுத்தும். சிறுகதையையும் இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் பெட்டியும் கடிதமும் போர்வையும் கண்ணில் படும். முதல் தடவை பென்சிலைத் தொடாதீர்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். முதல் வாசிப்பில் கோடு போட்டால் சத்தம் போடும் விவரங்களுக்குக் கீழேதான் கோடு விழும்.

இரண்டாம் வாசிப்புக்கு ஒரு எளிய கருவி உண்டு. அந்தப் பெண் கதை சொன்னபோது எத்தனை தடவை "அப்புறம்" சொன்னாள் என்று பக்கத்துப் பையன் நோட்டில் கோடு போட்டு எண்ணியிருந்தான். இருபத்திரண்டு. எழுந்து நின்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், "அப்புறம்" வரும் இடத்தில் எல்லாம் "அதனால்" அல்லது "ஆனால்" போட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே. போட முடிந்தால் வைத்துக்கொள், முடியாவிட்டால் விட்டுவிடு. போர்வை மோசம், அதனால் ஓடினாள். நம்பர் பார்க்கவில்லை, அதனால் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் கொக்கி உடைந்ததாக எழுதினாள். இந்தத் தடவை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் கதை புரிந்தது.

எண்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் பிள்ளைகள் அவற்றைத் தேதி மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டே பார்க்க மாட்டார்கள். உடை 400. நகை மிஞ்சினால் 500. அதாவது அன்றைக்கு அவள் உடம்பில் இருந்த துணிக்கும் கழுத்தில் இருந்த "வைரத்துக்கும்" பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரர் 40,000 சொல்லி 36,000க்கு இறங்குகிறார். 500ஐப் போல 72 மடங்கு. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

விடைத்தாளில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, கதையில் இல்லாததைச் சேர்ப்பது. நெக்லஸ் திருடு போனது என்று எழுதுவார்கள். தோழி ஏமாற்றிவிட்டாள் என்று எழுதுவார்கள். தோழி வருத்தப்பட்டு நகையைத் திருப்பிக் கொடுத்தாள் என்று எழுதிய ஒருவரையும் பார்த்திருக்கிறேன், நல்ல மனசு. கதையில் இவை எதுவும் இல்லை. ஊகிப்பது தப்பில்லை, ஆனால் ஊகத்தை விவரமாக எழுதக்கூடாது. வரியைத் தொட்டுக் காட்ட முடிந்தால்தான் அது விவரம்.

வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது ஆயா மறுபடி கேட்டார். "அப்ப அந்த முப்பத்தாறாயிரம் நெக்லசு இப்ப யாருகிட்ட இருக்குது?"

"தோழிகிட்டதான் ஆயா."

"திருப்பிக் குடுத்தாளா?"

"அது கதைல இல்ல ஆயா."

"கதைல இல்லாட்டி என்ன, பத்து வருசம் பாத்திரம் கழுவுனவ அங்கயே நின்னு கேட்டு வாங்காம வந்திருப்பாளா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். பரீட்சையில் இதை எழுதாதே என்றேன். பென்னாகரம் பஸ் வரும் நேரம். இருவரும் படியிறங்கிப் போகும்போது ஆயா, அந்த அசல் நெக்லஸை இன்றைக்கு அடகு வைத்தால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.